ராக்கெட்டுக்கு அழ மறுத்தவள்

ஜீவராணி அக்காவை வாயாடி என்று சொல்கிறவர்கள் எங்கள் தோட்டத்தில் நிறைய. சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த வாயைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படித்துவிட்டு வயிறு எரிகிறவர்கள் எரியட்டும்.

பூண்டுலோயாவுக்கு மேலே கல்லோடைத் தோட்டம், அதில் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு டிவிஷன், கீழ்க்கணக்கு எங்களுடையது. நான் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்க்கிறவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில், அக்கா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அவர்கள் வீட்டில் கரண்டி விழுந்தாலும் எனக்குக் கேட்கும். ஆகவே நான் சொல்வது கேள்விப்பட்ட கதை இல்லை.

அக்கா பிறந்தது உடப்புசல்லாவைப் பக்கம். வீரய்யா அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்தாள். வந்த புதிதில் ஒரு நாள், பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளுக்குக் கொடுக்கிற பால் தண்ணீராக இருக்கிறதென்று அந்தக் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே ஆபீசுக்குப் போனாள். அவளுக்கு அப்போது குழந்தையே இல்லை. "உனக்கு என்னம்மா வந்துச்சு?" என்று கிளாக்கர் ஐயா கேட்டாராம். "எனக்குப் பொறக்கப்போற புள்ளைக்கும் இதத்தான குடுப்பீங்க?" என்று கோப்பையை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். மறுநாளிலிருந்து பால் பால் மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்த அம்மா சாகும்வரை அக்காவோடு பேசவில்லை என்பது வேறு கதை.

அவள் ஒப்பாரி வைத்து முதலில் கேட்டது மாமியார் செத்த அன்றைக்கு. ஒப்பாரியில் ஒரு சலுகை உண்டு. பிணத்தின் முன்னால் உட்கார்ந்து ஒரு பெண் அழும்போது அவள் யாரைப் பற்றி என்ன சொன்னாலும் குறுக்கே பேசக்கூடாது, பிறகு அதை வைத்துச் சண்டைக்கும் போகக்கூடாது. அழுகையில் வந்தது அழுகையோடு போய்விட வேண்டும். அக்கா அந்தச் சலுகையை ஒரு சொட்டுக்கூட வீணாக்கவில்லை. மாமியார் ஒளித்து வைத்த கருவாட்டிலிருந்து தன்னை மலடி என்று ஏசியதுவரை எல்லாவற்றையும் ராகம் போட்டு அழுதாள். கடைசியில், இனி நான் யாரோடு சண்டை போடுவேன் என்று கேட்டபோது, சிரித்துக்கொண்டிருந்த நாங்கள் எல்லோரும் விக்கி விக்கி அழுதோம். அன்றிலிருந்து எங்கள் லயத்தில் சாவு விழுந்தால் அக்காதான் முன்னால் உட்கார வேண்டும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்களுக்குத் தண்ணீர் பீலியிலிருந்துதான். மலையில் ஊறி வருகிற தண்ணீரைக் குழாய் வைத்து விழவிட்டிருக்கும் இடத்தைப் பீலி என்போம். குடிப்பது, குளிப்பது, துணி துவைப்பது எல்லாம் அதில். ஊற்றுக்கு மேலே நாவலும் கித்துளும் அடர்ந்த ஒரு சின்னச் சோலை. போன வருஷம் அதில் பாதியைத் தோட்ட நிர்வாகம் வெட்டி விற்றுவிட்டு, அந்த இடத்தில் தேயிலைக் கன்று வைத்தது. மரம் அறுக்கிற வாளைப் பிடித்தவர்களில் வீரய்யா அண்ணனும் ஒருவர். தோட்டத்தில் மரம் வெட்டும் வேலைக்கு எப்போதும் அவரைத்தான் அனுப்புவார்கள்.

இந்த வருஷம் தை பிறந்ததிலிருந்து மழையைக் காணவில்லை. மாசியில் பீலி விரல் தடிமனுக்கு வந்தது. பங்குனி பிறந்தபோது நூல் மாதிரி ஆகிவிட்டது. ஒரு குடம் நிறைவதற்குள் இரண்டு சண்டை நடந்து முடியும். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைக் கழுவக்கூடத் தண்ணீர் இல்லாமல் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்த நேரம் பார்த்துத்தான் ராக்கெட் வந்தது. ஒரு சாயங்காலம் வானத்தில் வரிசையாக விளக்குகள் ஊர்ந்து போயின. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். ராக்கெட்டில் கொண்டுபோய் விட்ட இன்டர்நெட் செயற்கைக்கோள்கள் அவை என்று லோஜன் போனில் பார்த்துச் சொன்னான். லோஜன் கொழும்பில் கடையில் நின்றுவிட்டுத் திரும்பி வந்த பையன், எதையும் போனைப் பார்த்துத்தான் பேசுவான். அதே போனில், ராக்கெட் விடுவதால் வானம் கெட்டுப்போகிறது என்று யாரோ பேசிய வீடியோவும் இருந்தது. தோட்டக் கமிட்டித் தலைவர் சோலைமலை அதைக் கேட்டார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

"வெள்ளக்காரன் வானத்துல ஓட்டயப் போட்டுட்டான். அதுல எல்லா மேகமும் போயிருச்சு. நம்ம என்னா செய்ய முடியும்?" என்று கோயில் கூட்டத்தில் கையை விரித்தார்.

அடுத்து கொடும்பாவி பேச்சு வந்தது. மழை பொய்த்தால் நாங்கள் கொடும்பாவி கட்டி இழுப்போம். ஊரில் எவனோ பெரிய பாவம் செய்திருக்கிறான், அதனால்தான் வானம் மூடிக்கொண்டது என்பது கணக்கு. வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி, அந்தப் பாவி செத்துவிட்டதாக வைத்துக்கொண்டு, தப்படித்து, பாடையில் போட்டு இழுத்துப் போவோம். பெண்கள் மாரடித்து அழுவார்கள். கடைசியில் எரித்துவிடுவார்கள். பாவி ஒழிந்தான், இனி மழை வரட்டும் என்று அர்த்தம்.

இந்த வருஷம் பொம்மை வேண்டாம், ராக்கெட்டே கட்டுவோம் என்றான் லோஜன். கூட்டம் குதித்தது. தலைவருக்கு வாயெல்லாம் பல். ஆபீசுக்கு எப்படித்தான் சேதி போனதோ, மறுநாளே மூங்கிலும், ஃபேக்டரியில் தேயிலைத் தூள் மூட்டைக்கு உள்ளே போடுகிற வெள்ளிப் பேப்பரும் லொறியில் வந்து இறங்கின. லயத்துக்கூரை ஒழுகுகிறது, ஒரு தகரம் கொடுங்கள் என்றால் மூன்று வருஷம் இழுக்கிற ஆபீஸ் அது.

பேப்பரைப் பார்த்ததும் அக்காவின் முகம் மாறியது. "கேக்காமலே குடுக்குறானுங்கன்னா அதுல அவுங்களுக்கு என்னமோ இருக்கு, தங்கச்சி" என்றாள்.

என்ன இருந்தது என்பது அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை சோலையின் மிச்சப் பாதியையும் வெட்டப் போகிறார்கள், லொறி வருகிறது, வீரய்யா அண்ணன் தயாராக இருக்க வேண்டும் என்று கண்டாக்கையா சொல்லி அனுப்பியிருந்தார். வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தரைத்தான் கண்டாக்கு என்கிறோம். கொடும்பாவி ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எங்கள் கோபத்தையெல்லாம் ராக்கெட்டில் கட்டி எரித்துவிட்டால், திங்கள் நிம்மதியாக மரத்தை வெட்டலாம். நல்ல ஏற்பாடு! நூல் மாதிரி வருகிற தண்ணீரும் நின்றுபோனால் இந்தக் குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

அக்கா உடனே குதிக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். "ராக்கெட்டு பாவியா இல்லையான்னு மொதல்ல கேட்டுக்குவோம். தெரியாம யாரையும் பாவின்னும் சொல்லக்கூடாது, நல்லவன்னும் சொல்லக்கூடாது" என்று என்னையும் இழுத்துக்கொண்டு பூண்டுலோயாவுக்கு பஸ் ஏறினாள். அங்கே பஜாரில் துணிக்கடை வைத்திருக்கிற ராமநாதன் முதலாளியின் மகள் தர்ஷனா, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்த பிள்ளையை அக்கா நிறுத்திவைத்துக் கேட்டாள்.

"டீச்சர், ராக்கெட்டு விட்டா வானம் கெடுமா, கெடாதா? எனக்கு ஒரு வார்த்தையில சொல்லுங்க."

"ஒரு வார்த்தையில சொன்னா அது பொய்யாப் போயிரும், அக்கா" என்று டீச்சர் சிரித்தாள். பிறகு எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "கெடுக்கும். நெறைய ராக்கெட்டு மண்ணெண்ணெய் மாதிரி ஒரு எண்ணெயிலதான் ஓடுது. அதுல வர்ற கரி மழை மேகத்துக்கும் மேல போயிருது. கீழ இருக்கிற பொகைய மழை கழுவிரும். அங்க கழுவ மழை கெடையாது. அதனால வருஷக்கணக்குல அங்கயே நின்னு வெயில உறிஞ்சுது. வேற சில ராக்கெட்டோட பொகை, வெயிலோட கெட்ட கதிரத் தடுக்கிற ஓசோன அரிக்குது. அதெல்லாம் உண்மை."

"லயத்துல குப்பி லாம்பு வச்சிருந்த காலத்துல கூரத் தகரத்துல ஒட்டுன கரி மாதிரி" என்றேன் நான்.

"அதேதான். ஆனா, இன்னைக்கு உலகம் சூடாகுறதுல ராக்கெட்டோட பங்கு ரொம்பச் சின்னது. லொறி, பிளேன், நெலக்கரி, ஃபேக்டரி, காட்ட அழிக்கிறது, இதெல்லாம்தான் பெருசு. ராக்கெட்டு இப்படியே கூடிக்கிட்டுப் போனா நாளைக்குப் பயப்படணும்னு ஆராய்ச்சி செய்றவங்க சொல்றாங்க. மத்தபடி இந்த வருஷம் உங்க தோட்டத்துல மழை இல்லாததுக்கு ராக்கெட்டுதான் காரணம்னு யாராலயும் சொல்ல முடியாது."

"மரத்த வெட்டுனதாலதான் பீலி வத்துச்சுன்னு சொல்லலாமா?"

டீச்சர் யோசித்தாள். "மழையும் கொறஞ்சிருக்கே அக்கா. மரம் மட்டுந்தான்னு நான் எப்படிச் சொல்றது?"

"மேல்கணக்கு பீலி வத்தலையே, டீச்சர். அவுங்களுக்கும் இதே மழைதான். எங்களோடது மட்டும் நூலாயிருச்சு. அவுங்க சோலை அப்படியே நிக்குது. அவுங்களுக்கு என்ன வேற வானமா?"

"நீங்க சொல்றதுல ஞாயம் இருக்கு" என்றாள் டீச்சர். அந்தப் பிள்ளையை எனக்குப் பிடித்துப்போயிற்று. தெரிந்ததைத் தெரியும் என்றாள், தெரியாததை இழுத்து மூடவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். "ராக்கெட்டும் யோக்கியன் இல்ல" என்றாள். "ஆனா அவன் பாவத்துல நம்ம தோட்டத்துப் பாவத்த ஒளிச்சு வைக்க நான் விடமாட்டேன்."

சொல்வது லேசு. பாவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டுமானால் அந்தப் பெயர்களில் ஒன்று வீரய்யா. அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு உயர்ந்தது.

"திங்கக்கெழம போகாதீங்க" என்றாள் அக்கா.

"போகலேன்னா வேற ஆளு போவான். மரம் எப்படியும் விழும்" என்றார் அண்ணன்.

"விழட்டும். உங்க கையால விழ வேணாம்."

"போன வருஷம் வெட்டுனப்ப எங்கடி போயிருந்துச்சு இந்த ஞாயம்? நான் கொண்டாந்து போட்ட கொப்புலதான நீ சோறாக்குன?"

எனக்கும் சுருக்கென்றது. அந்தக் கொப்பில் என் அடுப்பும் எரிந்ததுதான்.

ஞாயிறு காலையில் ராக்கெட் தயாராக நின்றது. குறை சொல்லக்கூடாது, நன்றாகத்தான் செய்திருந்தார்கள். ஆள் உயரத்துக்கு மேலே வெள்ளிப் பேப்பர் பளபளக்க, அடியில் சிவப்புத் துணி தொங்க, பாடையில் சாய்த்து வைத்திருந்தார்கள். தப்பு முழங்கியது. வழக்கமாகக் கோயிலிலிருந்து புறப்பட்டுப் பெரட்டுக்களத்தைச் சுற்றி ஆற்றங்கரைக்குப் போய் எரிப்போம். பெரட்டுக்களம் என்பது தினம் காலையில் ஆள்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடம். அதற்கு எதிரேதான் ஆபீஸ். அக்கா தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தாள். தலைவர் அவளைப் பார்த்து, வழிக்கு வந்துவிட்டாள் என்று சிரித்துக்கொண்டார்.

பெரட்டுக்களம் வந்ததும் அக்கா நின்றாள். தப்புக்காரர் நல்லமுத்துவைப் பார்த்துக் கையைக் காட்டினாள். தப்பு நின்றது.

"இது பாட்டுக்குக் கெடக்கட்டும். இதுக்கு நான் அழுவமாட்டேன்" என்று ராக்கெட்டைக் காட்டினாள்.

"ஜீவராணி, கலாட்டா பண்ணாத" என்றார் தலைவர். "நல்ல காரியம் நடக்குது."

"நான் கலாட்டா பண்ணல. நான் அழப்போறேன். அழுவுறவளப் பேசவிடாமத் தடுக்கிற வழக்கம் நம்மகிட்ட உண்டுமா, சொல்லுங்க தலைவரே."

அக்கா ஆபீசைப் பார்த்தபடி மண்ணில் உட்கார்ந்தாள். நாங்கள் சுற்றி உட்கார்ந்து ஒருத்தி தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டோம். அவள் மாரில் அடித்துக்கொண்டு ராகம் எடுத்தாள்.

நாவ மரம் சாஞ்சப்போ
நாதியில்ல கேக்க
நடுமலையின் ஊத்துக் கண்ண
நாமதானே தூத்தோம்!

ஆபீஸு வெராந்தாவில்
ஆடரு நீ போட்ட
ஐயாவே மவராசா
அழுதுவந்தேன் வாசல்!

வெராந்தாவுக்குத் தொரை வந்து நின்றார். புதிதாக வந்த மேனேஜர், சிங்களவர், எங்களோடு பேசத் தமிழ் பழகிக்கொண்டிருக்கிற இளவயதுக்காரர். கிளாக்கர் ஐயா அவர் காதில் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா நிறுத்தவில்லை. மாலை போட்டுத் தலைவராக்கியது தலையாட்டுவதற்குத்தானா என்று சோலைமலையைக் கேட்டாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம் அவள் கண்கள் கூட்டத்தில் வீரய்யா அண்ணனைத் தேடின. அவர் பின்னால் மதிலோரம் நின்றார்.

வாளு புடிச்ச கை அது
தாலி கட்டுன கை
வீரய்யான்னு பேருவச்ச
வீட்டுப் பாவி கை!

வெட்டிவந்த கொப்பெடுத்து
வெந்நி வச்ச பாவி
வேற எங்கும் தேடவேணாம்
வீட்டுக்குள்ள நாந்தான்!

கட்டிய புருஷனின் பெயரை அவள் வாயால் அதுவரை நாங்கள் கேட்டதில்லை. "அவரு", "வீட்டுக்காரரு" என்றுதான் சொல்வாள். பிறகு பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஓவென்று அழுதோம். நான் பாவத்துக்காக அழுதேனா, தண்ணீருக்காக அழுதேனா, தெரியாது. நன்றாக அழுதேன்.

தொரை படியிறங்கி வந்தார். முகத்தில் கோபம் இருந்தது, கொஞ்சம் பயமும் இருந்தது. "ஜீவராணி, இந்த ராக்கெட் வானத்துக்குக் கெட்டது. டிவியிலயும் சொல்றாங்க. நீ அதுக்கு ஏன் அழுறது இல்லே?"

அக்கா மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். தலைமுடியை அள்ளிக் கட்டிக்கொண்டாள்.

"கெட்டதுதாங்க தொரை. கேட்டுட்டுத்தான் வந்தேன். அத விடுறவுங்க வீட்டு வாசல் எங்க இருக்குன்னு சொல்லுங்க. பஸ்ஸு போனாலும் சரி, கப்பல்தான் போனாலும் சரி, அங்க வந்து அழுவுறேன். எங்க பீலிக்கு நான் அழவேண்டிய வாசல் இதுதாங்க."

தொரை திரும்பி உள்ளே போனார். ஆற்றங்கரைக்கு யாரும் போகவில்லை. அழுகை விழாத கொடும்பாவியை எரித்தால் அது வெறும் குப்பைதான். லோஜன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ராக்கெட்டைக் கோயில் பின்பக்கம் இழுத்துப் போட்டான். சின்னப் பிள்ளைகள் அதில் ஏறி விளையாடினார்கள். தலைவர் மட்டும், தோட்டத்து மானம் போச்சு, மழை இனி வரவே வராது என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அண்ணன் அன்று வீட்டுக்குச் சாப்பிட வரவில்லை. கோயில் படியில் உட்கார்ந்திருக்கிறார் என்று நல்லமுத்து வந்து சொன்னார். அக்கா சோறாக்கி மூடி வைத்துவிட்டு வாசலைப் பார்த்தபடியே இருந்தாள். "தப்புப் பண்ணிட்டனா, தங்கச்சி?" என்று என்னைக் கேட்டாள். அவளை அப்படி உடைந்து நான் பார்த்ததில்லை. ஒப்பாரியில் வந்தது ஒப்பாரியோடு போய்விட வேண்டும் என்பது வழக்கம்தான். ஆனால் ஊர் நடுவில் பெண்டாட்டி வாயால் பாவி என்று கேட்ட மனுஷனுக்கு வழக்கமெல்லாம் சோறு போடுமா? "இல்லக்கா" என்றேன்.

திங்கள் காலை பெரட்டுக்கு எல்லோரும் வந்தார்கள். மரம் ஏற்ற வந்த லொறி ரோட்டில் நின்றது. தொரை ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை எடுக்கவே இல்லை. ஆடர் ஆடர்தான். கண்டாக்கையா பேர் பதிகிற செக்ரோல் புத்தகத்தை விரித்துக்கொண்டு ஆள்களைப் பிரித்தார். எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்றுதான் சொல்வோம். வேலைக்குப் போனால் அன்றைக்கு உன் பேர் விழும். பாதியில் விட்டால் அரைப் பேர். மறுத்தால் பேர் இல்லை, அன்றைய நாளே உனக்கு இல்லை என்று அர்த்தம். அக்கா கூடையை மாட்டிக்கொண்டு கொழுந்துக்காரிகளோடு நின்றாள். தலை குனிந்தே இருந்தது.

"மரம் வெட்டுக்கு வீரய்யா!" என்றார் கண்டாக்கையா.

அண்ணன் முன்னால் வந்தார். கையில் வாள் இல்லை. முகம் வீங்கியிருந்தது.

"இன்னைக்கு எனக்குப் பேர் போடாதீங்கய்யா" என்றார். "நேத்து இதே எடத்துல எம் பொண்டாட்டி போட்ட பேரு போதும்."

கண்டாக்கையா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவரும் வேண்டாம் என்றார். அதற்கடுத்தவர் வாளைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றார். லொறிக்காரன் ஹாரனை அடித்து அடித்துப் பார்த்தான்.

அண்ணன் கொழுந்துக்காரிகளைத் தாண்டி லயத்துப் பக்கம் நடந்தார். அக்காவைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பக்கத்தில் வந்தபோது அக்கா நிமிர்ந்தாள். அழுது அழுது அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"நேத்துலருந்து ஒண்ணும் தின்னல நீங்க" என்றாள். "சோறு மூடி வச்சிருக்கேன், போய்த் தின்னுங்க."